சேராது

என் வீட்டில் இரண்டு பேருக்குச் சேராது.
ஒருவருக்குப் பால். ஒருவனுக்கு முந்திரி.
சொல் ஒன்றாகிப்போனதால்
ஊர் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கிறது.

தண்டபாணிக்குச் சேராது என்றால்,
வத்தலக்குண்டில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு பஸ் ஏறியவர்
பெருமாள்மலை வருவதற்குள்
கண்டக்டர் காதில் ஏதோ சொல்லி
வண்டியை நிறுத்தினார் என்று அர்த்தம்.
நாற்பது பேர் மறுபக்க ஜன்னலில்
மஞ்சு மூடிய பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள்,
மரியாதைக்காக.
அரை டம்ளர் காப்பிக்கு ஒன்றும் ஆகாது.
தயிர் பரவாயில்லை.
பாலைச் செரிக்கிற சரக்கு அவர் குடலில் கொஞ்சம் குறைச்சல்,
மிஞ்சியது பொங்கும், கடமுடா என்னும்,
விடிந்தால் கணக்குத் தீர்ந்துவிடும்.

விசாகனுக்குச் சேராது என்பது வேறு.
அவன் வயிற்றின் மேல் ஒரு குறையும் இல்லை.
ரத்தத்தில் காவல் நிற்கிற ஏதோ ஒன்று
ஒரு பருப்பைப் பார்த்துப்
படை வந்துவிட்டதென்று
தன் ஊருக்கே தீ வைக்கிறது.

பூம்பாறைத் தேரன்று
நாத்தனார் அமராவதி தொன்னையோடு வந்தாள்.
"சாமி சோறு மதினி. முந்திரிய எல்லாம் எடுத்துட்டேன், பாருங்க."
எடுத்திருந்தாள்தான்.
ஏழு முந்திரி, தொன்னையின் விளிம்பில், பிள்ளைப்பல் மாதிரி.
நான் ஓடி வருவதற்குள் அவன் ஒரு வாய் விழுங்கியிருந்தான்.
அந்த ஏழும் வறுபட்ட நெய்யை
யார் பொறுக்கி எடுப்பது?

முதலில் உதடு.
பிறகு கழுத்தில் பூரான் ஊர்ந்த தடிப்பு.
பிறகு மூச்சில் ஒரு விசில்,
சின்னதாக, யாரோ தூரத்தில் கூப்பிடுகிற மாதிரி.
பூண்டு மூட்டை ஏற்றி நின்ற ஜீப்பில்
மூட்டைகளுக்கு நடுவே அவனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
கொடைக்கானல் ஆஸ்பத்திரி வரைக்கும்
வளைவுகளை எண்ணினேன்.
எத்தனை என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது.
தொடையில் ஒரு ஊசி.
விசில் நின்றது.
திரும்ப வரலாம், ராத்திரி இங்கேயே இருங்கள் என்ற டாக்டர்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:
"கொஞ்சம்தானேங்கிற வார்த்தைய
இவன் விஷயத்துல மறந்துடுங்க."

நான் வேலை பார்ப்பது செலின் அக்காவின் சாக்லேட் கடையில்.
காலையிலிருந்து முந்திரி சாக்லேட்டுக்கு
வெள்ளித்தாள் சுற்றுகிற விரல்கள் இவை.
"அங்கேயே ஏன் இருக்க?" என்கிறார்கள்.
பள்ளிக்கூடக் கட்டணத்தை யாரும் கேட்டதில்லை.
சாயங்காலம் கடைக்குப் பின்னால்
விறைத்துப்போன தண்ணீரில்
முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பேன்,
புடவை மாற்றுவேன்,
தலைத்துண்டைக் கடையிலேயே விட்டுவிடுவேன்.
வீட்டு வாசலில் ஓடி வருவான்.
இரண்டு முழம் தள்ளி நிற்பான்.
"கழுவியாச்சாம்மா?"
ஆச்சு என்ற பிறகுதான் கட்டிக்கொள்வான்.

தேருக்குப் பிறகு அமராவதி வரவில்லை.
நானும் போகவில்லை.
எனக்கும் அவளுக்கும் சேராது என்று
நாயுடுபுரம் முழுக்கப் பேச்சு.

கார்த்திகை மழையில் ஒரு நாள் கதவு தட்டினாள்.
கையில் பாத்திரம் எதுவும் இல்லை.
தெருக்குழாயில் கழுவிய கைகளை
ஈரம் சொட்டச் சொட்ட நீட்டிக்கொண்டு
உள்ளே வராமல் நின்றாள்.
"வீட்டுல முந்திரியே வாங்கறதில்ல மதினி இப்பல்லாம்" என்றாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.
துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

எங்களுக்குள் இருந்தது பால் வகை போலிருக்கிறது.
அரை டம்ளர் தாங்கும்.

விசாகன் மட்டும் நகரவில்லை.
"சோப்புப் போட்டீங்களா அத்தை?"
அவள் மறுபடி மழைக்குள் இறங்கினாள்.